ப்ராஸ்டேட் ஆபரேஷன்: அப்பாவுக்கு எந்த சர்ஜன்? அனுபவத்தை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

மூத்தமகன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை மட்டும். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் வரும் புரதத்தின் அளவு) 7.8 என்று வந்தது. எம்ஆர்ஐ எடுத்ததில் இடப்பக்கம் ஒரு இடத்தைக் காட்டி பைராட்ஸ் 4, அதாவது புற்றுநோயாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். பயாப்ஸியில் ப்ராஸ்டேட் புற்றுநோய் என்று உறுதியானது. அதன் வீரியத்துக்கான மதிப்பெண் க்ளீசன் 4+3, கிரேடு குரூப் 3. பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனில் வேறெங்கும் பரவவில்லை. அது ஒன்றுதான் இப்போதைக்கு ஆறுதல்.

இரண்டு சர்ஜன்களைப் பார்த்துவிட்டோம். முதலாமவர் இளையவர், ரோபோ மூலம் செய்பவர். நன்றாகப் பேசினார், படம் வரைந்து காட்டினார். "ரோபோவில் சிறுநீர்க் கசிவுப் பிரச்சினையெல்லாம் பெரிதாக வராது, சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம்" என்றார். இரண்டாமவர் வயதில் மூத்தவர், வயிற்றைத் திறந்து செய்பவர். கசிவு சில மாதம் இருக்கும் என்றும், விறைப்புக்கான இடப்பக்க நரம்பைக் காப்பாற்ற முடியுமா என்பதை எம்ஆர்ஐயை மறுபடி ஒருமுறை பார்த்துத்தான் சொல்வேன் என்றும் சொன்னார். அதற்கு மேல் அதிகம் பேசவில்லை.

வீட்டில் எல்லோரும் முதலாமவர் பக்கம். எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டால் "நீ பார்த்துச் சொன்னா சரிதான்ப்பா" என்கிறார். அந்தப் பொறுப்பை நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

அனுபவம் உள்ளவரிடம் போங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அனுபவத்தை எதை வைத்து அளப்பது? எத்தனை ஆபரேஷன் செய்தால் அனுபவசாலி? நேருக்கு நேர் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

---

வைகறை

சர்ஜனைத் தேடும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கதிர்வீச்சு நிபுணர் ஒருவரையும் அப்பா பார்க்கட்டும். என் மாமனார் அந்த வழியில்தான் போனார். இந்த நிலையில் இருக்கும் நோய்க்குக் கதிர்வீச்சும் அதோடு சில மாத ஹார்மோன் ஊசியும் சரிசமமான சிகிச்சைதான், இரண்டாம் தரம் அல்ல. பிரிட்டனில் நடந்த ப்ரொடெக்ட் ஆய்வில் 1643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு. 15 வருட முடிவு 2023-ல் வந்தது. ப்ராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் சேர்த்து 2.7 சதவீதம்தான். அதில் பெரும்பாலானோருக்கு உங்கள் அப்பாவைவிட வீரியம் குறைந்த நோய் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அவசரப்பட வேண்டியதில்லை என்பது புரியும்.

சர்ஜனிடம் கேட்டால் ஆபரேஷன் என்பார், அது அவர் தொழில். இரண்டு தரப்பையும் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

---

தணிக்கையாளன்

தம்பி, எனக்கும் இதே 4+3 தான். ஆபரேஷன் முடிந்து சில வருடங்கள் ஆகின்றன, பிஎஸ்ஏ இன்றுவரை அளவிட முடியாத அளவுக்குக் குறைவாகத்தான் இருக்கிறது. வேலையில் இருந்த காலம் முழுக்கக் கணக்குத் தணிக்கை செய்தவன் நான். அதனால் எந்த டாக்டர் எந்த எண்ணைச் சொன்னாலும், இது எத்தனை பேரில் என்று கேட்காமல் விடமாட்டேன். அந்தப் பழக்கம்தான் எனக்குக் கைகொடுத்தது. வைகறை சொன்னதை முதலில் செய்யுங்கள். அதற்குப் பிறகும் ஆபரேஷன்தான் என்று முடிவானால் இதைப் படியுங்கள். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை ஆபரேஷன் செய்தால் அனுபவசாலி என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு உண்மையிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 72 சர்ஜன்கள், அவர்களிடம் ஆபரேஷன் செய்துகொண்ட 7765 நோயாளிகள். எல்லாம் வயிற்றைத் திறந்து செய்தவை. அதுவரை 10 ஆபரேஷன் மட்டும் செய்திருந்த சர்ஜனிடம் போனவர்களுக்கு ஐந்து வருடத்துக்குள் பிஎஸ்ஏ மறுபடி ஏறும் (அதாவது நோய் திரும்பும்) வாய்ப்பு 17.9 சதவீதம். 250 செய்திருந்தவரிடம் போனவர்களுக்கு 10.7. நோயின் வீரியம் ஆளுக்கு ஆள் மாறுபடுவதைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகும் இந்த இடைவெளி. அதாவது, ஒரே நோய், கத்தி பிடிக்கும் கை மட்டும் வேறு. இதைப் படித்த அன்று நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை. அதுவரை சர்ஜனின் கை கசிவையும் விறைப்பையும்தான் தீர்மானிக்கும் என்று நினைத்திருந்தேன். புற்றுநோய் திரும்ப வருவதையும் அது தீர்மானிக்கிறது.

இதோடு முடியவில்லை. 2009-ல் அதே குழு லாப்ராஸ்கோப்பி முறையை (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவியும் விட்டுச் செய்வது) ஆராய்ந்தது. 29 சர்ஜன்கள், 4702 நோயாளிகள். அங்கே 250 ஆபரேஷன் செய்த பிறகும் பெரிய முன்னேற்றம் இல்லை: 10 செய்தவருக்கு 17 சதவீதம், 250 செய்தவருக்கு 16. 750 தொட்டபோதுதான் 9-க்கு இறங்கியது. இன்னொன்று, ஏற்கெனவே திறந்த முறையில் கைதேர்ந்து அதன்பின் லாப்ராஸ்கோப்பிக்கு வந்தவர்களின் முடிவு, நேரடியாக லாப்ராஸ்கோப்பியில் தொடங்கியவர்களைவிட மோசமாக இருந்தது. ஆகவே "எனக்கு இருபது வருட அனுபவம்" என்று யாராவது சொன்னால், எந்த முறையில் என்று கேளுங்கள். திறந்த முறையில் பதினெட்டு வருடம், ரோபோவில் இரண்டு வருடம் என்றால் அப்பாவைப் பொறுத்தவரை அது இரண்டு வருட அனுபவம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரோபோவா, திறந்த முறையா என்று வீட்டில் நடக்கும் வாதத்தை நிறுத்திவிடுங்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 326 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோபோ, மறுபாதிக்குத் திறந்த முறை என்று ஆபரேஷன் செய்தார்கள். 2016-லும் 2018-லும் முடிவுகள் வந்தன. கசிவிலும் தாம்பத்திய வாழ்விலும் இரண்டு வருடக் கடைசியில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. ரோபோவில் ரத்த இழப்பு குறைவு, மருத்துவமனையில் இருக்கும் நாளும் குறைவு. அது நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் "ரோபோ என்பதால் கசிவு வராது" என்ற வாக்கியத்துக்கு ஆதாரம் கிடையாது. ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. கன்சோலில், அதாவது ரோபோவை இயக்கும் மேசையில், உட்கார்ந்திருப்பவரின் விரல் அசைந்தால் அது அசையும்.

அடுத்தது கேட்கும் விதம். நான் இப்படித்தான் கேட்டேன்: "டாக்டர், இந்த ஆபரேஷனை இந்த முறையில் நீங்களே முழுக்கச் செய்தது எத்தனை இருக்கும்? போன வருடம் எத்தனை?" இரண்டாவது கேள்வியும் அவசியம். எப்போதோ ஆயிரம் செய்துவிட்டு இப்போது மாதத்துக்கு ஒன்று செய்பவரும் உண்டு. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, வருடத்துக்கு 150 ரோபோ ப்ராஸ்டேட் ஆபரேஷனாவது எதிர்பார்க்கக்கூடிய மையத்தில்தான் ரோபோவை வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அது மையத்துக்கான எண், தனி ஆளுக்கானது அல்ல. ஆனாலும் எந்த அளவு வேலை நடக்கிற இடத்தைத் தேட வேண்டும் என்பதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

எண்ணிக்கை தெரிந்த பிறகு முடிவுகளைக் கேட்க வேண்டும். மூலதனத்தைச் சொல்லாமல் லாபத்தை மட்டும் சொல்லும் கணக்கு எதற்கும் உதவாது. இதுவும் அப்படித்தான்.

"எங்களிடம் 95 சதவீதம் பேருக்குக் கசிவு இல்லை" என்றால், கசிவு இல்லை என்று எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். கசிவை உறிஞ்ச உள்ளாடையில் வைக்கும் பேடே இல்லாமல் இருப்பதா, பாதுகாப்புக்கு ஒன்று வைத்துக்கொள்வதா? மூன்று மாதத்திலா, ஒரு வருடத்திலா? சொன்னது யார், கேள்வித்தாளை நிரப்பிய நோயாளியா, ஓபியில் இரண்டு நிமிடம் பார்த்த டாக்டரா? கசிவு, விறைப்பு போன்றவற்றை நோயாளியிடமே கேட்கும் எபிக்-26 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. அதை ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் நிரப்பச் சொல்கிற சர்ஜன் தன் வேலையைத் தானே அளந்து பார்க்கிறவர். எனக்கு அப்படிப்பட்டவர்மேல்தான் மதிப்பு.

வெட்டி எடுத்த சுரப்பியின் விளிம்பில் புற்றுச் செல் இருந்தால் பாசிட்டிவ் மார்ஜின் என்பார்கள். அது எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். அதையும் பிரித்துக் கேட்க வேண்டும்: நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தவர்களில் எத்தனை, வெளியே கசிந்திருந்தவர்களில் எத்தனை? சுலபமான கேஸ்களை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு மொத்தச் சதவீதம் அழகாகவே இருக்கும்.

கோபித்துக்கொள்வாரா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் கேட்டபோது அவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கிற சர்ஜன் இருந்தால், அந்தச் சுளிப்பையும் ஒரு தகவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

தியேட்டர்_அக்கா

ஆபரேஷன் தியேட்டரில் செவிலியராக நெடுங்காலம் இருந்தவள். ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் பார்த்ததிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

"நீங்களே செய்வீர்களா" என்பதை இன்னும் கூர்மையாகக் கேளுங்கள் தம்பி. கற்றுக்கொடுக்கும் மருத்துவமனைகளில் பயிற்சி டாக்டர்கள் ஒரு பகுதியைச் செய்வது இயல்பு. அப்படித்தான் அடுத்த தலைமுறை உருவாக முடியும், அதில் தவறு இல்லை. ஆனால் எந்தப் பகுதி என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். சுரப்பியின் நுனியை வெட்டுவதும், நரம்பைப் பிரித்தெடுப்பதும், சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க் குழாயையும் சேர்த்துத் தைப்பதும்தான் பிற்பாடு அப்பாவின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இடங்கள். அந்த மூன்றையும் யார் செய்வார் என்று கேட்டு, கேஸ் ஷீட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

குழுவையும் பாருங்கள். ரோபோவில் சர்ஜன் தள்ளி உட்கார்ந்திருப்பார். நோயாளியின் பக்கத்தில் நின்று கருவி மாற்றுவதும், ரத்தம் உறிஞ்சுவதும், கிளிப் போடுவதும் இன்னொருவர். அந்த ஜோடி சேர்ந்து எத்தனை நாளாக வேலை செய்கிறது என்பது வெளியே யாரும் கேட்காத கேள்வி. பழகிய ஜோடி இருந்தால் தியேட்டரில் சத்தமே இருக்காது, வேலை பாட்டுக்கு நடக்கும்.

நரம்பு விஷயத்தில் உங்கள் இரண்டாவது டாக்டர் சொன்னது நேர்மையான பதில். விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இரண்டு பக்கமும் பின்னால் ஒட்டினாற்போல ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றும் முறையை பாட்ரிக் வால்ஷ் என்ற சர்ஜன் 1982-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலில் செய்து காட்டினார். ஆனால் புற்று இருக்கும் பக்கத்தில் நரம்பைக் காப்பாற்றப் போய் விளிம்பில் புற்றை விட்டுவிடும் ஆபத்தும் உண்டு. சில மையங்களில் ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பை ஒட்டிய ஓரத்தை உறையவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாகத் திட்டம் சொல்கிறவர் உங்கள் எம்ஆர்ஐயை உண்மையிலேயே பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

அவசரம் வேண்டாம். பயாப்ஸி ஊசி குத்திய வீக்கம் அடங்க எப்படியும் பொதுவாக ஆறு, எட்டு வாரம் விட்டுத்தான் ஆபரேஷன் வைப்பார்கள். "இந்த வாரமே அட்மிட் ஆகுங்கள்" என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். 4+3 கவனிக்க வேண்டிய நோய், ஆனால் சில வாரத்தில் கைமீறிப் போவது அல்ல.

---

துணைவி

ஆண்கள் இங்கே எழுதத் தயங்குவதை நான் எழுதுகிறேன். என் கணவருக்கு ஆபரேஷன் ஆனது. சர்ஜன் மிகவும் கைராசிக்காரர், நோய் போய்விட்டது. ஆனால் அதன் பிறகு வந்த மாதங்களுக்கு எங்களை யாரும் தயார்ப்படுத்தவில்லை.

மேலே சொன்ன ப்ரொடெக்ட் ஆய்விலேயே ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஆறு மாதத்தில் 46 சதவீதம் பேர் பேட் வைத்திருந்தார்கள். ஆறு வருடத்தில் அது 17 சதவீதம். இந்த எண்ணை முன்கூட்டியே யாராவது எங்களிடம் சொல்லியிருந்தால், இவர் தனக்கு மட்டும்தான் இப்படி என்று வெளியே போவதையே நிறுத்தியிருக்க மாட்டார். இடுப்படித் தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். கத்தீட்டர் (சிறுநீர் வெளியேற வைக்கும் குழாய்) உள்ளே இருக்கும்போது செய்யக் கூடாது, எடுத்த பிறகு மறுபடி தொடங்க வேண்டும். ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் சொல்லிக்கொடுத்தால்தான் சரியான தசையை இறுக்குகிறோமா என்பது தெரியும்.

தாம்பத்தியத்தைப் பற்றியும் அம்மா, அப்பா இருவரையும் உட்காரவைத்து சர்ஜன் பேச வேண்டும். நரம்பு காப்பாற்றப்பட்டாலும் விறைப்பு திரும்ப ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். உச்சம் வரும், விந்து வராது. 64 வயதுக்கு இதெல்லாம் எதற்கு என்று மகனாக நீங்கள் முடிவு செய்துவிடாதீர்கள். அந்தப் பேச்சு நடக்கும்போது நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். அப்பாவால் அப்போதுதான் வாய் திறக்க முடியும்.

இரவில் கத்தீட்டர் அடைத்துக்கொண்டால் யாருக்குப் போன் செய்வது, அந்த எண்ணை எடுப்பவர் யார் என்பதையும் கேட்டு வையுங்கள். எங்களுக்கு அது நடந்தது. சர்ஜனின் கைத்திறன் அந்த நேரத்தில் எங்களுக்கு எதற்கும் உதவவில்லை. போனை எடுத்த ஒரு செவிலியர்தான் உதவினார்.

---

மூத்தமகன்

எல்லோருக்கும் நன்றி. துணைவி அக்கா எழுதியதை அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, "அடுத்த தடவை நானும் வரேன்" என்றார்.

இருவரையும் மறுபடி பார்த்தோம். இந்த முறை கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன், அப்பாவையே கேட்கச் சொன்னேன்.

இளைய சர்ஜன் கோபிக்கவில்லை. தானே முழுதாக ரோபோவில் செய்தது நூறுக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கு முன் உதவியாளராக நிறையச் செய்திருப்பதாகச் சொன்னார். கசிவு பெரிதாக வராது என்று சொன்னது தன் சொந்தக் கணக்கு அல்ல, ரோபோ கம்பெனிக் கையேட்டில் இருந்தது என்றும் ஒப்புக்கொண்டார். அப்புறம் அவராகவே, "உங்களுக்கு நெருடலாக இருந்தால் என் சீனியர் கன்சோலில் இருக்கட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

மூத்தவர் ஆயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார், இப்போதும் வாரத்துக்கு ஒன்றிரண்டு. மார்ஜின் கணக்கைப் பிரித்தே சொன்னார். ஆனால் கசிவு, விறைப்பு பற்றி எண்ணாக எதுவும் வைத்திருக்கவில்லை. "என் நோயாளிகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்" என்றார். தணிக்கையாளன் ஐயா, இதை எப்படி எடுத்துக்கொள்வது?

கதிர்வீச்சு நிபுணரை அடுத்த வாரம் பார்க்கிறோம்.

---

தணிக்கையாளன்

தம்பி, அப்பாவே கேட்டார் என்று படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

மூத்தவர் சொன்னது பாதிக் கணக்கு. புற்றுநோய்ப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது, வாழ்க்கைப் பக்கம் எழுதப்படவில்லை. அவரிடம் சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட, சம்மதிக்கிற இரண்டு மூன்று நோயாளிகளோடு பேச முடியுமா என்று கேளுங்கள். அவர் தேர்ந்தெடுத்துத் தருகிறவர்கள் என்பதால் அதை முழு ஆதாரமாகக் கொள்ள முடியாது. ஆனால் கசிவு நிற்க எத்தனை மாதம் ஆனது, சிரமம் வந்தபோது டாக்டர் கிடைத்தாரா என்பதை அவர்கள் வாயாலேயே கேட்கலாம்.

இளையவரின் சீனியர்தான் இப்போது நீங்கள் பார்க்க வேண்டிய மூன்றாவது ஆள். ரோபோவில் அவருடைய சொந்த எண்ணிக்கை, போன வருட எண்ணிக்கை, மார்ஜின், பேட் இல்லாதவர்கள் எத்தனை பேரில் எத்தனை என்று அதே தாளை நீட்டுங்கள். தன் குறைந்த எண்ணிக்கையை மறைக்காமல் சொல்லிப் பெரியவரிடம் அனுப்புகிற பழக்கம் உள்ள துறை நல்ல துறையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மையத்தில் வருடத்துக்கு எத்தனை நடக்கிறது என்பதையும் கேளுங்கள். ஆனால் அவர் கன்சோலில் இருப்பார் என்பது வாய்ப்பேச்சாக நிற்கக் கூடாது. தியேட்டர் அக்கா சொன்னதுபோல் கேஸ் ஷீட்டில் ஏறட்டும்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. பயாப்ஸி ஸ்லைடுகளையும் பிளாக்குகளையும் (திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டிகள்) வாங்கி, ப்ராஸ்டேட்டை அதிகம் பார்க்கும் வேறொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டுங்கள். 4+3 என்பது 3+4 ஆகவோ 4+4 ஆகவோ மாறினால் நரம்புத் திட்டமும் மாறும், கதிர்வீச்சோடு ஹார்மோன் எத்தனை மாதம் என்பதும் மாறும். கதிர்வீச்சு நிபுணரைப் பார்ப்பதற்குள் அந்த முடிவு கையில் இருந்தால் நல்லது. ஸ்லைடு கேட்டு இன்றே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள், லேபில் எடுத்துத் தர நேரம் பிடிக்கும்.